எழுபத்து மூன்றாவது ரசீது

எழுபத்திரண்டு ரசீதுகளையும்
மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தேன்.
வெயிலே படாமல் வெளுத்துப்போயிருக்கின்றன.
ஏ.டி.எம். தாள் அப்படித்தான்,
போட்டோகாப்பி எடுத்து வைத்திருக்கணும் என்கிறாள்
பக்கத்து மேசை நோர்லியா.
ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறாள்.

வேன் கதிரேசன் பேரில் இருந்தது.
கார்டு மூன்றும் என் பேரில்.
பள்ளிப் பிள்ளைகள் ஏறவேண்டிய வேன்
ஏழு மாதம் ஓடியது,
மீதிக் காலம் பாடாங் செராய் ஒர்க்‌ஷாப்பில்
கோழி ஏறி உட்கார நின்றது.
அதை நான் சொல்லிக்காட்டுவதில்லை.
இப்போது சொன்னது வேறு விஷயம்.

மாதம் அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
தீபாவளி வந்த மாதமும் அறுநூற்றுப் பன்னிரண்டு,
சின்னவன் கை முறிந்த மாதமும்.
கூலிம் ஆலை பூட்டிக் கிடந்த மூன்று மாதத்தை மட்டும்
தள்ளிவைத்தார்கள்,
மறக்காமல் வாலில் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு கடிதம். ஒரே பக்கம்.
'செலெசாய்' என்ற வார்த்தை நடுவில் இருந்தது.
கறி கொதிக்கக் கொதிக்க
நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன்.
யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.
கடன் இருந்ததையே சொல்லாதவர்களிடம்
கடன் தீர்ந்ததை எப்படிச் சொல்வது?

முதல் வங்கியில் கணினியைத் தட்டிப் பார்த்தார்கள்.
ஒரு வருஷமாக என் பேரில் எதுவுமே இல்லையாம்.
நல்லதுதானே என்றேன்.
நல்லதில்லையாம்.
கடன்காரியாக இருந்தபோது
ராத்திரி ஒன்பது மணிக்கும் போன் போட்டுக் கண்டுபிடித்தவர்கள்,
கடன் இல்லாதபோது
என்னைக் காணவில்லை என்கிறார்கள்.

தவணைக்குத் துணி மெஷின் எடுத்தேன்.
தேவைக்கு இல்லை.
ஒழுங்காகக் கட்டுவாள் என்று காட்ட.
பன்னிரண்டு மாதம் எங்கள் வீட்டில்
நாணயம் சுழன்றது, சட்டை காய்ந்தது.

வீடு புதுத் தாமானில்.
முன்பு அது தோட்டத்தின் மூன்றாம் பிரிவு.
ஏக்கப்பட ஒன்றும் இல்லை அங்கே,
கொசு அப்படியே இருக்கிறது.
மழை பெய்தால் சமையலறைப் பக்கம்
செம்பனை ஆலை நாற்றம் வரும் என்று
விற்பவனே சொன்னான்.
குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்தது.
ஓர வீட்டைக் கேட்டோம்.

சுங்கை பட்டாணி வங்கியில் ஓங் என்ற பையன்.
அக்கா, ரெண்டு பேர் சேர்ந்து போட்டால்
கூடக் கிடைக்கும் என்று
கதிரேசனின் அடையாள அட்டை எண்ணை அடித்தான்.
அடித்துவிட்டு,
திரையைப் பாதி மட்டும் என் பக்கம் திருப்பினான்,
ஈரத் துணி மாற்றுகிறவரைப் பார்த்துவிட்டவன் மாதிரி.

யாரோ சிநேகிதனின் மோட்டாருக்கு
ஜாமீன் போட்டிருக்கிறார்.
பதினோரு மாதப் பாக்கி.
கதிரேசன் மடியிலிருந்த ஹெல்மெட்டின் வாரை
மாட்டினார், கழற்றினார், மாட்டினார்.
அந்த க்ளிக் சத்தம்
ஏர்கோன் ஓசையைவிடப் பெரிதாய்க் கேட்டது.

என் பேரில் மட்டும் போடு தம்பி என்றேன்.

ஓர வீடு போயிற்று.
நடுவில் ஒன்று, எண் பதினான்கு.
நாற்பது இடத்தில் கையெழுத்து.
இருபதாவதில் என் பேரே
யாருடையதோ போலிருந்தது,
முப்பதில் திரும்பி வந்தது.
முப்பத்தொரு வருஷம்.
முடியும்போது எனக்கு எழுபது.
மாதம் அறுநூற்று எழுபத்து நான்கு;
பழையதைவிட அறுபத்திரண்டு வெள்ளி அதிகம்.
பழையது கோழி உட்கார்ந்த வேன்.
இதற்குக் கதவு உண்டு. பூட்டும் உண்டு.

திரும்பும்போது செம்பனைக் குலை லாரியின் பின்னால்
மோட்டாரில் ஊர்ந்து வந்தோம்.
காற்றில் கதிரேசன் ஏதோ சொன்னார்.
கேட்கவில்லை.
என்ன என்று கேட்கவும் இல்லை.
லாரி வளைந்ததும்
அவர் முதுகில் கை வைத்துக்கொண்டேன்.
பிடிமானத்துக்குத்தான்.

இன்று முதல் தவணை கட்டினேன்.
நேராகப் போட்டோகாப்பிக் கடை.
இருபது சென்.
ரெண்டு காப்பி போடுங்க என்றேன்.